ஆத்தங்கரையில் நின்ற செக்குமாடு

கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்க. கதைக்கு ‘ம்’ போடணும், தெரியுமில்ல? ‘ம்’ இல்லேன்னா கதை நடக்காது, நின்னுபோகும். அப்படி நின்னுபோன ஒரு கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

ஒரு காலத்துல, மேற்கே பார்த்தா மலை தெரியும், கிழக்கே எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் கடல் தெரியாது, அப்படி ஒரு ஊரு. அந்த ஊருல சொரிமுத்துன்னு ஒருத்தர் செக்கு ஆட்டிக்கிட்டு இருந்தார். பெண்சாதி போய்ச் சேர்ந்துட்டா. ஒரே மக, பேரு ஆவுடை. ஒரே மாடு, பேரு மயிலை. ஒரே செக்கு, அது ராஜாவோட பாட்டனார் கொடுத்த கல்லுச்செக்கு. சும்மா கொடுக்கலை. ஊர் அம்மன் சந்நிதியில ஒரு விளக்கு அணையாம எரியணும். அதுக்கு எண்ணெய் யாரு ஆட்டித் தர்றாங்களோ அவங்களுக்குத்தான் செக்கும், செக்கடி வீடும். அதுதான் அங்க ஏற்பாடு.

கல்லு உரலுக்குள்ள எள்ளைக் கொட்டி, மர உலக்கையை நட்டு, அதோட மாட்டைப் பூட்டிடுவாங்க. மாடு சுத்திச் சுத்தி வரும். தலை கிறுகிறுத்துப் போகாம இருக்கக் கண்ணையும் கட்டிவிடுவாங்க. அப்புறம் நாள் முழுக்க நடைதான். எவ்வளவு நடந்தாலும் அதே புங்கமரம், அதே செக்கு.

சொரிமுத்துவுக்கு அது மனசு பொறுக்கலை. “ஏ ஆவுடை, வாயில்லாத சீவனை இப்படிக் கண்ணைக் கட்டிச் சுத்தவிடுறோமே. இது காலால எங்கேயும் போகப்போறதில்ல. கதையிலயாவது ஊர் ஊராப் போயிட்டு வரட்டும்மா” அப்படின்னார்.

அன்னையிலிருந்து ஒரு ஆட்டுக்கு, அதாவது உரல்ல ஒரு தடவை கொட்டி ஆட்டுற எள்ளுக்கு, ஒரு கதை. எல்லாம் வழிநடைக் கதைதான். சந்தைக்குப் போறது, மலை ஏறுறது, திருவிழாவுக்குப் போறது. கதையில மேடு வந்தா மயிலை மெல்ல நடக்கும், இறக்கம் வந்தா விறுவிறுன்னு நடக்கும். ஆவுடை உரலண்டை உட்கார்ந்து எள்ளைத் தள்ளிவிட்டுக்கிட்டே ‘ம்’ போடுவா. கதை முடியறப்ப எண்ணெய் பிரிஞ்சு தங்கமா மின்னும். அதுல முதல் கிண்ணம் அம்மனுக்கு.

ஒருநாள் புதுசா ஒரு கதை எடுத்தார். ஒரு பொண்ணும் ஒரு காளையும் கடலைப் பார்க்கப் புறப்பட்ட கதை. ஆமா, சொரிமுத்து கடலைப் பார்த்தவரில்ல. ஆவுடையும் பார்த்ததில்ல.

“காடு கடந்தாங்க, கரம்பு கடந்தாங்க, கடைசியில ஒரு ஆத்தங்கரைக்கு வந்தாங்க. ஆத்துல வெள்ளம் ரெண்டு கரையும் தொட்டுப் போகுது. ஓடமும் இல்ல, ஓடக்காரனும் இல்ல. காளை கரையிலயே நின்னுச்சு. அப்புறம்…”

“ம்” அப்படின்னா ஆவுடை.

பதில் இல்ல.

“ம், சொல்லுங்கப்பா.”

பதில் இல்ல. நிமிர்ந்து பார்த்தா, மயிலை முதுகுல தலையைச் சாய்ச்சபடி நிக்கிறார் அப்பா. தூங்கறவர் மாதிரி இருக்கார், ஆனா தூக்கமில்ல. மயிலை மூச்சுக்கூடப் பெரிசா விடலை. ஊர்சனம் வந்து அவரைத் தாங்கி இறக்கிற வரைக்கும் அப்படியே நின்னு சுமந்துச்சு.

எல்லாம் ஆச்சு. காரியம் முடிஞ்சது. மாட்டைப் பூட்டினா ஒரு அடி எடுத்து வைக்கலை. ஆவுடை கெஞ்சினா, தடவிக்கொடுத்தா, அழுதா. ஒண்ணுக்கும் அசையலை.

சொரிமுத்துவுக்கு ஒரு தம்பி, பேரு கொம்பையா. அண்ணன் இருக்கறவரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், இப்ப நேரா ராஜாகிட்ட ஓடினான். “மகராசா, கோயில் எண்ணெய்ச் சாடி காலியாகப் போகுது. என் அண்ணன் மகளுக்கு மாட்டை ஓட்டத் தெரியலை. செக்கை எனக்குக் கொடுங்க. அந்த மாடு எனக்கு நடக்கலைன்னா, நானே நுகத்துல கழுத்தைக் கொடுத்து எண்ணெய் ஆட்டுறேன்!”

ராஜா சின்ன வயசுக்காரர். அவருக்கும் தகப்பனார் தவறி வருஷம் திரும்பலை. “அப்படியா? நாளைக்குக் காலையில நானே வந்து பார்க்கிறேன். மாட்டை நடத்தறவங்களுக்குத்தான் செக்கு” அப்படின்னார்.

மறுநாள் செக்கடியில ஊரே கூடிருச்சு. உரல்ல எள்ளைக் கொட்டி, மயிலையைக் கண்ணைக் கட்டிப் பூட்டி வச்சிருந்தாங்க. கொம்பையா வந்தான், வேட்டியை மடிச்சுக் கட்டினான், ஆவுடைகிட்ட குனிஞ்சு, “மூட்டையைக் கட்டி வைம்மா. செக்கு கைக்கு வந்ததும் முதல்ல இந்தக் கிழட்டு மாட்டைத்தான் கறிக்குத் தள்ளிவிடப்போறேன்” அப்படின்னான்.

“அது எங்கப்பாவை முதுகுல தாங்கின மாடு சித்தப்பா.”

“அதுக்கு? கோயில் கட்டிக் கும்பிடவா முடியும்?”

முதல்ல சாட்டையை எடுத்தான், சுள்ளுன்னு ஒண்ணு வச்சான். மயிலை உடம்பு சிலிர்த்துச்சு, கால் அசையலை. அப்புறம் ஊறவச்ச பருத்திக்கொட்டையை மூக்குக்கு முன்னால நீட்டினான். மோந்து பார்த்துச்சு, முகத்தைத் திருப்பிக்கிச்சு.

“கதை சொன்னா நடக்குமாமே, நானும் சொல்றேன்” அப்படின்னு தொண்டையைச் செருமினான். “ஒரு ஊருல ஒரு ராஜா இருந்தார். அவர் சிங்காசனத்துல உட்கார்ந்திருந்தார். நல்லா உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தார்…”

மயிலை என்ன பண்ணிச்சு தெரியுமா? அதுவும் முன்னங்காலை மடக்கிப் பொத்துன்னு உட்கார்ந்துருச்சு!

சனமெல்லாம் சிரிச்சுச்சு. ராஜாவுக்கே சிரிப்பு வந்து மீசையைத் தடவிக்கிட்டார். ஆவுடை மட்டும் சிரிக்கலை. அவ மயிலையையே உத்துப் பார்த்தா. அட, கதையில உட்கார்ந்தா இதுவும் உட்காருதே. அப்படின்னா இத்தனை நாளா இது ஏன் நின்னுச்சு?

ஆவுடை ராஜாவுக்கு முன்னால வந்து கையெடுத்துக் கும்பிட்டா. “மகராசா, மயிலை அடம் பிடிக்கலை. எங்கப்பா இதை ஆத்தங்கரையில விட்டுட்டுப் போயிட்டார். கண்ணைக் கட்டியிருக்கு, எதிர்ல வெள்ளம் போகுது, ஓடம் இல்ல. அது எப்படி நடக்கும்?”

சிரிப்பெல்லாம் அடங்கிப்போச்சு. முன்வரிசையில நின்ன பொம்பளைங்க ரெண்டு பேரு, தண்ணி காலை நனைச்ச மாதிரி சேலையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நகர்ந்தாங்க.

“அப்ப மீதிக் கதையை நீ சொல்லு” அப்படின்னார் ராஜா.

“எனக்குத் தெரியாதுங்க. அப்பா சொல்லலை. நானா முடிச்சுட்டா… அப்பா அதோட முடிஞ்சுபோவாரே மகராசா.”

ராஜா ஒரு அடி கிட்ட வந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எங்கப்பாவும் பாதியில விட்டுட்டுத்தான் போனார், தாயி” அப்படின்னார்.

ஆவுடை அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கண்ணை மூடினா. மயிலைகிட்ட போய், அப்பா தலை சாய்ச்ச அதே இடத்துல கையை வச்சா.

“காளை கரையில நின்னுச்சு. அப்புறம்…”

கதை அங்கேயே நின்னுபோச்சு. ‘ம்’ போட்டே பழகினவ, இன்னைக்கு அவளுக்கு ‘ம்’ போட ஆளில்ல. அப்பத்தான் பின்னாலிருந்து ஒரு குரல், “ம்” அப்படின்னுச்சு. யாரு? ராஜாவேதான்! கிரீடம் வச்ச தலையை ஆட்டி, ராஜா ‘ம்’ போடுறார்!

“அப்புறம் அந்தப் பொண்ணு காளை காதுல சொன்னா. ஓடம் வராதுப்பா, உன்னைப் பெத்த வயிறு உனக்கு நீந்தக் கத்துக்கொடுத்திருக்கு, பயப்படாம எறங்கு ராசா.”

‘எறங்கு ராசா’ன்னு சொன்னாளே, அந்தக் குரல் அவ குரலில்ல. ஏத்தமும் இறக்கமும் கரகரப்பும் அப்படியே சொரிமுத்து. கேட்ட சனம் மெய்மறந்து கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அவளே திடுக்கிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டா. அப்பாவை இத்தனை நாளா வெளியில தேடினோமே, இங்கேயா இருக்கார்!

மயிலை எழுந்துச்சு. ஒரு காலைத் தூக்கி, தண்ணியில ஆழம் பார்க்கிற மாதிரி மெதுவா வச்சுச்சு. அப்புறம் மறுகால். செக்கு ‘கிர்ர்’ருன்னு முனகிச்சு. நடுவெள்ளம் வந்தப்ப மூக்கைத் தூக்கிக்கிச்சு, சுழல் வந்தப்ப ஒதுங்கி நடந்துச்சு. ஊரே ‘ம்’ போட்டுச்சு. ஒவ்வொரு ‘ம்’முக்கும் ஒரு சுத்து.

“அக்கரை வந்துருச்சு” அப்படின்னா ஆவுடை. “அங்க ஒருத்தர் நிக்கிறார்.” யாருன்னு அவ சொல்லலை. மயிலைதான் தலையை உயர்த்தி, “ம்மா”ன்னு ஒரு குரல் கொடுத்துச்சு. அதைக் கேட்டு அழாத ஆளு அங்க இல்ல.

உரல்ல எண்ணெய் பிரிஞ்சு நின்னுச்சு. முதல் கிண்ணத்தை ராஜாவே ஏந்திக்கிட்டுப் போய் விளக்குல ஊத்தினார். செக்கு ஆவுடைக்குத்தான்னு அங்கேயே சொல்லிட்டார்.

நைசா நழுவப் பார்த்த கொம்பையாவைப் பிடிச்சு நிறுத்தினாங்க. “மாடு நடக்கலைன்னா நுகத்துல கழுத்தைக் கொடுப்பேன்னு சொன்னீரே? மயிலைக்கு இன்னைக்கு ஓய்வு. அடுத்த ஆட்டு உம்மது” அப்படின்னார் ராஜா.

அவன் மூச்சு வாங்க ஒரு சுத்து வர்றதுக்குள்ள, ஒரு பொம்பளை கேட்டாளாம்: “என்ன கொம்பையா, உமக்கு ஒரு கதை சொல்லட்டுமா? ஒரு ஊருல ஒரு ராஜா உட்கார்ந்திருந்தாராம்…”

“வேண்டாம் தாயி, வேண்டாம்! நடக்கிற கதையாச் சொல்லு!”

கடைசியில ஆவுடைதான் இரக்கப்பட்டுக் கயித்தை அவுத்துவிட்டா. அதுக்கப்புறம் அவன் எந்த வாயில்லாச் சீவன் மேலயும் கை ஓங்கலை.

அந்தப் பொண்ணும் காளையும் கடலைப் பார்த்தாங்களான்னுதானே கேட்கிறீங்க? ஆவுடை தினம் கொஞ்சம் சொன்னா, அவ மகன் கொஞ்சம் சொன்னான், இன்னும் வழியிலதான் போய்க்கிட்டு இருக்காங்களாம். அப்பாமாருங்க கதையை முடிச்சுட்டுப் போறதில்ல, கண்ணுகளா. நம்ம வாயில வச்சுட்டுப் போறாங்க.

எண்ணெய் அம்மனுக்கு, பிண்ணாக்கு மயிலைக்கு, கதை உங்களுக்கு.