நகராத நாலு விரல்

சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடார்களுக்குக் கம்பி மாற்றும் வேலை எப்சிபாவுக்கு. அன்று ஜாஸ் பதிவு. ஒத்திகை முடிந்ததும் இசையமைப்பாளர் ஞானதிலகன் கிடார்காரர் சவரிராயனின் தாளில் இருந்த கார்டுகளை, அதாவது ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டுகளின் பெயர்களை, எட்டிப் பார்த்தார். இசையமைப்பாளரின் முகம் கறுத்தது.

"நான் எழுதினது டி-ஃபிளாட் செவன் ஃபிளாட் ஃபைவ். நீ அதைக் கோடு போட்டு அடிச்சிட்டு ஜி செவன் ஃபிளாட் ஃபைவ்னு எழுதி வாசிச்சிருக்கே. கார்டு பேர் தெரியாதவனுக்கு இங்கே வேலை இல்லை. கிளம்பு."

முப்பது வருடம் வாசித்த சவரிராயன் கிடாரை உறைக்குள் வைத்தார்.

எப்சிபாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? அப்போ விரலை நகர்த்தாம ரெண்டையும் வாசி. முடியலேன்னா நீயும் கிளம்பு."

அவள் அந்தக் கிடாரையே எடுத்து, நாலு விரலை வைத்து மீட்டினாள். "இது நீங்க எழுதினது." விரல் நகராமல் மறுபடி மீட்டினாள். "இது அவர் எழுதினது."

"ஒரே கார்டை ரெண்டு தடவை வாசிச்சு ஏமாத்துறியா?"

"ஒரே கார்டுன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். ஜி, பி, டி-ஃபிளாட், எஃப், ரெண்டுலயும் இதே நாலு சுரம்தான். ஜி-யிலிருந்து எண்ணினா ஒரு பேர், டி-ஃபிளாட்டிலிருந்து எண்ணினா இன்னொரு பேர். எந்தப் பேரா இருந்தாலும் அடுத்து சி கார்டுக்குத்தான் போய்ச் சேருது."

ஞானதிலகன் பியானோவில் அந்த நாலு சுரங்களையும் அழுத்தி, வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாளை எடுத்துச் சவரிராயனிடம் நீட்டினார்.

"உட்காருங்க," என்றார்.