வாசித்துக் காட்டிய பிறகு

நீதிமன்ற வாசலுக்கு எதிரே பதினொரு வருடமாக டைப் அடிக்கும் சண்முகக்கனிக்கு ஒரு குரு உண்டு. சிஷ்யைக்கு வயது நாற்பத்துமூன்று. குருவுக்கு முப்பத்திரண்டு.

குருவின் பெயர் ரெஜினா. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவள். கோர்ட்டில் தாக்கல் செய்த பேப்பர் குறை எழுதப்பட்டுத் திரும்பி வருவது தலைவலி காய்ச்சல் மாதிரி, எல்லோருக்கும் வரும். ரெஜினாவுக்கு மட்டும் வந்ததில்லை. அதை வைத்துத்தான் கனி அவளைக் கேலியாக ‘குருவே’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் கேலி போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

அன்று மதியம் கனி இரண்டு காகிதங்களோடு வக்கீல் ஆபீசுக்கு வந்தாள். ஒன்று, சன்னாசி என்கிற விவசாயிக்காக அவள் அடித்துக் கொடுத்த அபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரம். இன்னொன்று அவளுடையது. பாராலீகல் சர்டிபிகேட் படிப்பில் சேருவதற்கான விண்ணப்பம்.

வக்கீலுக்கு உதவியாளராக வேலை பார்க்கிறவர்களுக்கான படிப்பு அது. ஒரு வருடம், சனி ஞாயிறு வகுப்பு, நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். அன்று மாலை ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது. கையில் கிடந்த இரண்டு வளையலையும் அடகு வைத்தால் பணம் சரியாக வரும். தங்கமென்று அவளிடம் இருந்ததும் அந்த இரண்டு வளையல்தான்.

பதினொரு வருடம் கழித்தும் அவளை ‘ஏம்மா டைப்பு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது அவளுக்கு வலித்தது. சர்டிபிகேட் இருந்தால் ஒரு பெரிய ஆபீசில் நாற்காலி கிடைக்கும், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். காலையிலேயே விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பிறகுதான் சந்தேகம் வந்தது.

“குருவே, அந்த சர்டிபிகேட்டு இம்புட்டுப் பெறுமா? நீயே சொல்லு.”

ரெஜினா விண்ணப்பத்தை வாங்கி மேசையில் வைத்தாள். பெஞ்சில் காத்திருந்த சன்னாசியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கட்டைவிரல் ரேகைதான். மை டப்பாவைத் திறந்தவள் கனியிடம் கேட்டாள்.

“அக்கா, இவருக்கு இத வாசிச்சுக் காட்டினீங்களா?”

“இல்லியே.”

“கடைசி வரியில காட்டினதா இருக்கே.”

இருந்தது. ‘மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டி விளங்கச் சொல்லப்பட்டன.’ ரேகை வைக்கிறவர்களின் அபிடவிட் எல்லாவற்றிலும் வருகிற வரி. கனியின் விரல்கள் அதைத் தூக்கத்தில்கூட அடிக்கும். அந்த வரிக்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ரெஜினா வாசிக்க ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, “விளங்குதா அண்ணாச்சி?” என்று கேட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் தலையாட்டினார். தன் வாழ்நாளில் ஒரு காகிதம் தன்னோடு இவ்வளவு மரியாதையாகப் பேசி அவர் கேட்டதில்லை போலிருந்தது.

“வடக்கே ஓடை” என்று வாசித்தபோது கையைத் தூக்கினார்.

“ஓடை எனக்குத் தெக்கல்லா இருக்கு. வடக்கன்னு போட்டா அது எந்தம்பி நிலமாயிருமே.”

கனிக்கு முகம் சுண்டிவிட்டது. போன மாதம் அவர் தம்பிக்கு அடித்த பிரதியை எடுத்து, பேரை மட்டும் மாற்றியிருந்தாள். எதிரே தன் டைப் கடைக்கு ஓடி, அந்தப் பக்கத்தை மறுபடி அடித்துக்கொண்டு வந்தாள். ரெஜினா அதையும் முதலிலிருந்து வாசித்தாள்.

“வச்சிரட்டுமா தாயி? நீ சொன்னா வைக்கேன்” என்றார் சன்னாசி.

“நான் சொல்லி வைக்கக் கூடாது அண்ணாச்சி. வாசிச்சதெல்லாம் உங்களுக்குச் சரின்னு பட்டா வைங்க.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மையைத் தொட்டு, கட்டைவிரலை அழுத்தமாக வைத்தார். போகும்போது நிமிர்ந்து நடந்தார். கனி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வராத பேப்பரின் ரகசியம் இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ரெஜினா இப்போது கனியின் விண்ணப்பத்தைப் பிரித்தாள்.

“இத வாசிச்சீங்களா?”

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். “இல்லியே” என்று தலை குனிந்தாள் கனி.

சன்னாசிக்கு வாசித்த அதே குரலில் ரெஜினா வாசித்தாள். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. “விளங்குதா அக்கா?” விளங்கியது. படிப்பு முடிந்தபின் வேலைக்கு நிறுவனம் பொறுப்பேற்காது.

“போன்ல பேசுன பொண்ணு, வேலை உறுதின்னு சொல்லிச்சே.”

“போன்ல சொன்னது இதுல இல்ல. இதுல இருக்கதத்தான் நான் வாசிக்க முடியும்.”

பாடங்கள் எட்டு. ஒவ்வொன்றாக வாசித்து, தெரியுமா என்று கேட்டாள். முதல் ஐந்துக்கும் கனி யோசிக்காமலே தெரியும் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே வியப்பாக இருந்தது. இவ்வளவு தனக்குத் தெரியும் என்று அதுவரை யாரும் அவளை எண்ணிப் பார்க்கச் சொன்னதில்லை. ஏழும் எட்டும் அவளுக்குத் தெரியாது. ஆறாவது, ஒப்பந்தங்களைப் படித்து ஆராய்வது. அதுவும் தெரியாது.

“எனக்கும் ஆறாவது அரைகுறைதான்” என்றாள் ரெஜினா. “நடத்தும்போது சரியா கவனிக்கல.”

கனி நிமிர்ந்தாள். “நீ இதப் படிச்சிருக்கியா?”

ரெஜினா கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினாள். உள்ளே சர்டிபிகேட் இருந்தது. மடிப்புகூடக் கலையவில்லை.

“இது உனக்குப் பிரயோசனப்பட்டுதா?”

“ஒன்பது வருசத்துல ஒரே ஒருக்க கேட்டாங்க. இங்க வேலைக்கு வந்த அன்னைக்கு. அன்னைக்கு இதத் தவிர வேற ஒண்ணும் கேக்கல.”

“அதுக்குப் பிறவு?”

“அதுக்குப் பிறவு இதத் தவிர மத்த எல்லாத்தையும் கேட்டாங்க.”

கனி வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். சுவரில் மணி நாலு. இந்தப் பெண் எதையும் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“கையெழுத்து காலையிலயே போட்டாச்சு குருவே. நீ சரின்னு சொன்னா இப்பவே போய்க் கட்டிருதேன்.”

ரெஜினா ஸ்கேலை எடுத்தாள். சண்முகக்கனி என்கிற கையெழுத்தின் மேல் வைத்து, ஒரே கோடாக அடித்தாள். விண்ணப்பத்தைக் கனியின் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

“அது வாசிக்கதுக்கு முந்தி போட்டது அக்கா. இப்ப உங்களுக்குச் சரின்னு பட்டா, கீழ இன்னும் இடம் இருக்கு.”