எல்லாரும் வரலை

மெகராஜ் மேடத்தின் மாணவர் ஒருவர் மேடத்தைவிட வயதில் மூத்தவர். பெயர் சொரிமுத்து. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்று எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருந்தார். வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் அவரை அண்ணாச்சி என்றார்கள். மேடமும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அதற்கு அவர் எழுந்து விறைப்பாக நின்று, "எஸ் மேடம்" என்பார்.

மெகராஜ் மேடம் நடத்துவது முதல் செமஸ்டர் பாடம். தர்க்கம், கணங்கள், நிரூபணம். நான் புள்ளியியல். இரண்டு பேருக்கும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து மேஜை. காதில் விழுந்ததைத் தவிர இந்தக் கதையில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு கேட்டேன் என்றும் சொல்ல முடியாது.

அன்று காலை முதல் மணி அடிக்கும் முன்பே சொரிமுத்து வந்து நின்றார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்தான் சிவந்து கிடந்தது. தூங்கியிருக்க மாட்டார்.

"டி.சி. வாங்கணும் மேடம். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

மேடம் பேனாவை எடுக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி?"

"டெஸ்ட்டுல தேறல மேடம்."

"பேப்பரே இன்னும் குடுக்கலியே. யாரு சொன்னா?"

"நீங்கதான் மேடம். நேத்து கிளாஸ்ல, 'எல்லாரும் பாஸ் ஆகலை'ன்னு சொன்னீய. எல்லாருமே ஆகலைன்னா நான் மட்டும் எப்படி ஆயிருப்பேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல் சமாளித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. "சரி, ஆகலைன்னே வச்சுக்கிடுவோம். அடுத்த டெஸ்ட் இருக்குல்லா. டி.சி. எதுக்கு?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தென்காசியில் அவருடைய மச்சானுக்குப் பெட்ரோல் பங்க் இருக்கிறது. மேனேஜர் வேலைக்கு வாரும் என்று மச்சான் ஒற்றைக் காலில் நிற்கிறார். இந்த வயசில் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறீர் என்று ஒரு சடங்கு வீட்டில், பந்தியில் வைத்து, நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முதல் டெஸ்ட்டுல தேறுனா படிப்பேன் மச்சான்" என்று இவரும் அந்த நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"சொன்ன சொல்லு மேடம். பட்டாளத்துக்காரன் நான். மாத்த முடியாது. ஆசையாத்தான் வந்தேன். குடுத்து வைக்கல."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அடுத்து நம்ம கிளாஸ்தான். இன்னிக்கு எல்லாரும் வரலை. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க."

"ஒருத்தரும் வரலியா? ஸ்ட்ரைக்கா மேடம்?"

"பாத்துட்டு வாங்க."

அவர் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மேடம் இது? மார்க்கைச் சொல்லித் தொலைச்சா மனுஷன் ஒரு முடிவுக்கு வந்துட்டுப் போறாரு. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்ங்கிற கதையால்லா இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றார் மேடம். அவ்வளவுதான். கல்லுளிமங்கி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

சொரிமுத்து திரும்பி வந்தார். முகத்தில் குழப்பம்.

"எல்லாரும் இருக்காவ மேடம். பெஞ்சு நெறைஞ்சு கெடக்கு. நீங்க எல்லாரும் வரலைன்னீயளே?"

"நல்லாப் பாத்தீங்களா? ஒரு இடம்கூடக் காலி இல்லையா?"

"கடைசி பெஞ்சுல ஒரு இடம் காலி."

"யாரு இடம்?"

சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, "என் இடம்தான் மேடம்."

"அப்ப நான் சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல மேடம். எல்லாரும் வரலைதான். ஒரு ஆள் வரல." இதைச் சொல்லி முடித்ததும் அந்த முகம் இருக்கிறதே, விளக்குப் போட்டது போல் ஆகிவிட்டது. "அப்ப டெஸ்ட்டும் அப்படித்தான மேடம்? எல்லாரும் பாஸ் ஆகலைன்னா, ஒருத்தருமே ஆகலைன்னு இல்ல. யாரோ ஒரு ஆள் ஆகலைன்னாலே போதும்!"

"போதும்."

"அப்ப நான் பாஸ் ஆயிருக்கலாம்!"

"ஆயிருக்கலாம். ஆகாமலும் இருக்கலாம்," என்று சொல்லி மேடம் மேஜை டிராயரைத் திறந்து அவருடைய பேப்பரை எடுத்துக் கொடுத்தார்.

தேறவில்லை. சிவப்பு மையில் போட்டிருந்த மார்க் என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதற்குத்தானா அந்த மனிதரை வராந்தா முழுக்க நடக்கவிட்டு, ஆசை காட்டி, மோசம் பண்ணினார் இந்த அம்மா? எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"கையெழுத்துப் போடுங்க மேடம்," என்றார் சொரிமுத்து.

"போடுறேன். அதுக்கு முன்னால மூணாவது கேள்வியை வாசிங்க."

அவர் வாசித்தார். "'மழை பெய்தால் தரை நனையும். மழை பெய்யவில்லை. எனவே தரை நனையவில்லை. இந்த முடிவு சரியா?' சரின்னு எழுதியிருக்கேன். நீங்க தப்புப் போட்டிருக்கீய."

"நேத்து ராத்திரி உங்க ஊர்ல மழை பெஞ்சுதா?"

"எங்க பெய்யுது மேடம்."

"காலையில வாசல் எப்படி இருந்துச்சு?"

"நனைஞ்சுதான் கெடந்துச்சு. வீட்டுல சாணி கரைச்சுத் தெளிச்சிருந்தா. இருந்த நெனப்புல கவனிக்காம வழுக்கி விழப் பாத்தேன்..." பாதியில் நிறுத்தினார். "அடச்சே!" என்று தலையில் தட்டிக்கொண்டார். "தப்புதான் மேடம். மழை பெய்யலேன்னாலும் தரை நனையலாம்."

"மச்சான்கிட்ட என்ன சொன்னீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"முதல் டெஸ்ட்டுல தேறுனா படிப்பேன்."

"தேறலேன்னா?"

குனிந்து பேப்பரைப் பார்த்தார். மூணாவது கேள்விக்கு மேல் அவர் விரல் போய் நின்றது.

"அதை நான் சொல்லலியே மேடம்."

மேடம் டிராயரைச் சாத்தினார்.

சொரிமுத்து தலையை ஆட்டினார். "இல்ல மேடம். இது சரிப்படாது. அவரு அப்படித்தான எடுத்திருப்பாரு? கேட்ட அத்தனை பேரும் அப்படித்தான எடுத்திருப்பாவ? இப்பப் போய் நான் வார்த்தையைப் புடிச்சுத் தொங்குனா ஏமாத்து வேலையால்லா இருக்கும்?"

அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

"அவங்க எடுத்ததை விடுங்க," என்றார் மேடம். "சொன்னது நீங்க. சொல்லும்போது உங்க மனசுல என்ன இருந்துச்சு? தேறலேன்னா பங்குக்குப் போயிருவோம்னு இருந்துச்சா?"

பொய் சொல்லிவிடக் கூடாது என்று அவர் மனசுக்குள் அந்தப் பந்திக்கே திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் போல.

"இல்ல மேடம். தேறாம போவேன்னு நெனைக்கவே இல்ல. அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல."

"அப்ப இனிமேதான் யோசிக்கணும்."

மணி அடித்தது. அதோடு சேர்ந்து அவருடைய போனும் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் மேடத்தைப் பார்த்தார்.

"மச்சான்தான். எங்க இருக்கீரு, பங்குக்கு எப்ப வாரீருன்னு கேப்பாரு. என்ன சொல்ல மேடம்?"

"கிளாஸ்ல இருக்கேன்னு சொல்லுங்க."

"இங்கதான நிக்கேன்? பொய்யாயிருமே மேடம்."

மேடம் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப போய் உக்காந்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. எல்லாரும் வந்தாச்சுன்னு நானும் அட்டெண்டன்ஸ் போட்டுக்கிடுறேன்."