மெல்பர்ன் போகாத புளியோதரை

சென்னையில் ஏறியதிலிருந்து கோமதிநாயகம் அந்தத் தூக்குச்சட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. விமானம் கிளம்பும் நேரத்துக்கு மட்டும் பணிப்பெண் வந்து பிடுங்கி மேலே வைத்தாள். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து மறுபடி எடுத்துக்கொண்டார்.

உள்ளே புளியோதரை. அவரே கிண்டியது. உப்புக்கூட ருசி பார்க்கவில்லை. தம்பி வாயில்தான் முதல் கவளம் போகவேண்டும் என்று வைராக்கியம்.

பக்கத்தில் அவருடைய குரு உலகம்மை அம்மாள், காவிப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டபடி வந்தார். பாபநாசம் மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம் நடத்துகிறவர். வயதில் கோமதிநாயகத்துக்கு இளையவர். சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மெல்பர்னில் யாரோ பேசக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு வருகிறேன் என்று கிளம்பினார் கோமதிநாயகம். துணைக்குத்தானா என்று அம்மாள் கேட்கவில்லை.

விடிகாலையில் கோலாலம்பூரில் இறங்கினார்கள். அடுத்த விமானம் சாயங்காலம்.

காப்பிக் கடை வரிசையில் நின்ற ஒரு பெண்மணி அவர் கையிலிருந்த பயணச்சீட்டையும் தூக்குச்சட்டியையும் பார்த்தார்.

"மெல்பர்னா போறீங்க? உள்ள என்ன?"

"புளியோதரைம்மா. தம்பிக்கு."

"ஐயோ, வீட்டுச் சாப்பாட்டை அங்க உள்ள விடமாட்டாங்களே. எங்கம்மா கொண்டுவந்த அதிரசத்தை என் கண்ணு முன்னாலயே குப்பையில போட்டாங்க."

கோமதிநாயகம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் தம்பி சங்கரலிங்கம் வீடு கட்டியபோது கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்கு மேலே மாமனார் பெயரைப் போட்டுவிட்டான். அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டே கோமதிநாயகம் போனார், பந்தியிலும் உட்கார்ந்தார். பாயசம் வரும்போது யாரோ அந்தப் பேச்சை எடுக்க, இலையை மூடாமல், கையை உதறிக்கொண்டு எழுந்தார். ஊரே பார்த்தது. தம்பி வாசல் வரை ஓடி வந்து கையைப் பிடித்தான். உதறிவிட்டுப் போனார்.

அதோடு பேச்சு நின்றது. பிறகு தம்பி தன் மகனோடு மெல்பர்ன் போய்விட்டான். இப்போது மகன்தான் போனில், "வாங்க பெரியப்பா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். தம்பி போனுக்கே வரவில்லை.

புளியோதரை என்றால் தம்பி சின்ன வயதில் கோயில் மடைப்பள்ளியையே சுற்றிச் சுற்றி வருவான். அதை நீட்டினால் பேச்சு தானாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"அம்மா, இனி நான் என்ன செய்ய?"

உலகம்மை அம்மாள் செருப்பை மாட்டினார்.

"சாயங்காலம் வரைக்கும் இங்கயே குந்தியிருக்கவா போறீய? வாங்க, ஊரைப் பார்த்துட்டு வருவோம்."

"ஊரைப் பார்க்கிற மனசா எனக்கு?"

"மனசு இங்கயே இருக்கட்டும். தூக்குச்சட்டியை எடுத்துக்கிடுங்க."

ரயில் பிடித்து நகரத்துக்குள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பெருங்கூட்டம் பாட்டுக்குக் கையையும் காலையும் வீசிக்கொண்டிருந்தது. எதிரே மேடையில் நின்று, "ஒன்னு, ரெண்டு, இடுப்ப வளைங்க!" என்று மூன்று மொழியில் அதட்டிக்கொண்டிருந்தாள் மோகனா என்ற தமிழ்ப் பெண்.

கோமதிநாயகம் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மாள் கூட்டத்தில் புகுந்துவிட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தார். எல்லோரும் வலப்பக்கம் போனால் அவர் இடப்பக்கம் போனார். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் மேல் மோதினார். கிழவர் சிரித்தார். அம்மாள் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். கோமதிநாயகத்துக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாட்டு நின்றதும் மோகனா வியர்வையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஊர்லேருந்தா வர்றீங்க? பசியாறிட்டீங்களா?"

"இன்னும் இல்ல தாயி. நீ?"

"நானும் இல்லம்மா."

"அண்ணாச்சி, மூடியைத் திறங்க."

"அம்மா! இது தம்பிக்கு..."

"குப்பைத் தொட்டிக்கா, இவங்களுக்கா?"

திறந்தார். பெருங்காயமும் நல்லெண்ணெயும் எள்ளும் சேர்ந்த வாசனை எழுந்தது. கூட்டம் தானாக வளைந்து நின்றது.

முதல் கவளத்தை மோகனாவுக்கு வைக்கும்போது அவருக்குக் கை வரவில்லை. அவள் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஐயா, சும்மா சொல்லக்கூடாது லா. எங்கம்மா கை மாதிரியே இருக்கு!" என்றாள், அந்த ஊர் 'லா' இழுவையோடு.

அடுத்தது சீனக் கிழவர். மிளகாயைக் கடித்துவிட்டுத் தலையைத் தட்டிக்கொண்டு ஓடினார். தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவந்து மறுபடி கையை நீட்டினார். மலாய்க்காரத் தாய் ஒருத்தி பிள்ளைக்கு ஊட்டினாள். பிள்ளை வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றது. கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. "போட்டுக்கோங்க, போட்டுக்கோங்க, வெக்கப்படாதீய!" என்று பந்தி விசாரிக்கிற குரலில் கூவிக்கொண்டு நடந்தார். யாருக்கும் அந்தத் தமிழ் புரியவேண்டியிருக்கவில்லை. அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

அடியில் ஒரு கவளம் மிஞ்சியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். கையில் எடுத்து உருட்டினார்.

"அண்ணாச்சி, அந்தா பாருங்க, அந்தப் பெரியவருக்கு வரவே இல்ல."

புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார் அம்மாள். கோமதிநாயகம் பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்க் கொடுத்தார்.

மோகனா அவர்களை விடவில்லை. முக்குக் கடைக்கு இழுத்துப் போனாள். நம்மூர்ப் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் சுடச்சுட வந்தது. அம்மாள் குழம்பில் தோய்த்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

"ஐயாவுக்கும் ரெண்டு சொல்லட்டுமா?"

"வேண்டாம் தாயி. அண்ணாச்சிக்கு டீ போதும்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அம்மாளின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

புறப்படும்போது சீனக் கிழவர் கடை வாசலுக்கே வந்து தூக்குச்சட்டியை வாங்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

விமான நிலையம் திரும்பும் ரயிலில் கோமதிநாயகம் தூக்குச்சட்டியை மறுபடி மடியில் வைத்திருந்தார். லேசாக இருந்தது.

"நல்ல நாளும்மா. மனசுக்கு அம்புட்டு சந்தோஷம். ஆனா பசி உயிர் போகுது."

அம்மாள் ஜன்னலில் ஓடும் எண்ணெய்ப்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, விமானத்துல ஏதாவது தருவாங்க" என்று தன்னையே தேற்றிக்கொண்டார் கோமதிநாயகம்.

"அதையும் எனக்கே தந்திருங்க."

அவருக்குப் பொறுக்கவில்லை.

"இது என்னம்மா நியாயம்? ஊருக்கெல்லாம் போட்டாச்சு. நீங்க வயிறாரச் சாப்பிட்டாச்சு. நான் மட்டும் பட்டினி. சரி, அது போகட்டும். தம்பிக்குக் குடுக்க இருந்த ஒண்ணும் போச்சு. வெறுங்கையும் வெறும்வயிறுமா அவன் வாசல்ல எப்படிப் போய் நிப்பேன்?"

"கிரகப்பிரவேசத்துக்கு வெறுங்கையோடயா போனீய?"

"சேச்சே. பழத்தட்டு, வேட்டி சேலை, ஆளுயரத்துக்குக் குத்துவிளக்கு. ஒரு குறையும் வைக்கலியே."

"பிறகு எதுக்கு அவர் பேச்சை நிறுத்தினாரு?"

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தது.

"இலையை விட்டு எந்திரிச்சேன்" என்றார் கோமதிநாயகம்.

உலகம்மை அம்மாள் காலியான தூக்குச்சட்டியை அவர் மடியிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்போ பசியோட போய் அவர் போடுற இலையில உக்காருங்க, அண்ணாச்சி."