கழுவிக்கொண்டு வந்தவர்

"இதுக்கு மேல எப்படிக் குனியிறது, சிஸ்டர்?" என்று கேட்டார் உபதேசியார் வியாகப்பன்.

சிஸ்டர் அமலோற்பவம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செம்மணல் தேரியில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் தலைவி. சில நாளாக அங்கே வந்து தங்கியிருந்த வியாகப்பனைவிட வயதில் ரொம்ப இளையவர். அதனால் என்ன, கேட்க வந்தவர் வியாகப்பன்.

"என்ன செய்றீங்க, சொல்லுங்க."

"கக்கூஸ் கழுவுதேன். பந்தியில கடைசியா உக்காருதேன். கோவில்ல செருப்பு விடுற எடத்துல முழங்கால் போடுதேன்."

"நேத்து அந்த இடத்துல நம்ம தோட்டக்கார மரியானுஸ் முழங்கால் போட்டாராமே?"

"அவரு தெரியாம வந்துட்டாரு. சத்தம் போட்டு முன்னால அனுப்பிட்டேன்."

சிஸ்டர் குனிந்து சிரிப்பைக் கீரைக்குள் ஒளித்துக்கொண்டார்.

தாழ்ச்சிக்கும் ஒரு மிடுக்கு உண்டு. வியாகப்பனிடம் அது தாராளமாகவே இருந்தது. ஆனால் மனிதர் வேஷக்காரர் இல்லை. ஏங்கிப்போய்க் கிடந்தார்.

"மீசை அரும்புன நாள்லேருந்து உபதேசியார் வேலை, சிஸ்டர். சாகக் கெடக்கவங்க காதுல, 'அந்தா வாராரு, உங்களக் கூட்டிட்டுப் போக ஆண்டவர் வாராரு'ன்னு சொல்லுவேன். அவங்க மொகம் அப்படியே தெளிஞ்சு போவும். பாக்க எனக்குப் பொறாமையா இருக்கும். எங்கிட்ட அவரு ஒரு நாள்கூட வரலியே!"

கீழே கிடந்த கீரைக்காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"தாழ்ச்சி உள்ளவனத் தேடி வருவாருன்னு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். ஊருக்குத்தான் உபதேசம்னு ஆயிப்போச்சு. சாவுறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ வந்தாப் போதும், சிஸ்டர்."

சிஸ்டர் கீரையை ஓரமாக வைத்தார்.

"பெரிய வியாழன் அன்னைக்கு உங்க ஊர்க் கோவில்ல கால் கழுவுற சடங்கு உண்டா?"

"உண்டாவா கேக்கீங்க? பன்னிரண்டு பேரையும் பொறுக்கி எடுக்கிறதே நாந்தான். பனங்காட்டுல நடக்கிற காலுல்லா? கோவிலுக்குப் பின்னால பம்படியில வச்சு, சவுக்காரம் போட்டுத் தேச்சுத்தான் உள்ள விடுவேன். சாமியார் கையில ஒரு பொட்டு அழுக்குப் பட்டிருக்காது."

"அப்போ காலைக் கழுவுறது நீங்கதான்."

"சாமியார் சும்மா தண்ணி ஊத்துவாரு," என்றார் வியாகப்பன், சற்றுப் பெருமையாகவே.

"உங்க கால யாரு கழுவுனா?"

"நான் பெஞ்சில உக்காந்ததே கிடையாது. செம்பு பிடிக்க ஆளு வேணும்லா?"

"நாளைக்குப் பெரிய வியாழன். நீங்க உக்காருங்க. நான் கழுவுறேன்."

மறுநாள் சாயங்காலம் வியாகப்பன் ஆசிரமத்துப் பம்படிக்குப் போனார். சவுக்காரமும் தேங்காய் நாரும் போட்டு வலது காலைத் தேய்த்தார். குதிகால் வெடிப்பில் இருந்த செம்மண்ணைக்கூட ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தார்.

சடங்குக்கு வலது கால் மட்டும்தான். இடது கால் பக்கம் அவர் தண்ணீரே கொண்டுபோகவில்லை. சர்க்கரை வியாதி அதில் ஒரு விரலைத் தின்றுவிட்டு, ஆறாத புண் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தது. துணி சுற்றி, வேட்டியைத் தழையக் கட்டி மறைத்து வைத்திருந்தார். அந்த வாடை யாருக்கும் எட்டக் கூடாது. கோவிலில் வாசலோரமும் பந்தியில் கடைசியும் அவர் தேடிப் பிடித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இதை அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது கூட இல்லை.

ஆசிரமக் கோவிலில், இயேசு கால் கழுவிவிட்ட சீடர்களைப் போலப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு வந்தார். தேரி மண் பட்ட கால்கள். பேசினில் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

வியாகப்பன் முறை வந்தது. வலது காலை நீட்டினார்.

சிஸ்டர் அதைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றவில்லை.

"கழுவிட்டே வந்துட்டீங்க."

"ஆமா, சிஸ்டர்."

"அந்தக் கால்?"

வியாகப்பன் இடது காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வலதுகால்தான வழக்கம்."

சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"அது வேண்டாம், சிஸ்டர். கை வைக்கிற மாதிரி இல்ல."

சிஸ்டர் பேசினை இடது பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"நாறும், சிஸ்டர்." கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "எல்லாரும் பாக்காங்க. எந்திரிச்சு அடுத்தவருகிட்டப் போங்க. ஒங்களக் கும்பிடுதேன்."

வெளியே காற்று மணலை வாரிச் சுவரில் அடித்தது. குனிந்திருந்த அந்தத் தலை அவர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. அது நிமிரவே இல்லை.

"எதுக்கு இங்கயே கெடக்கீங்க?" என்றார் வியாகப்பன்.

"இந்தக் காலுக்குத்தான் வந்தேன்."

வியாகப்பன் குனிந்தார். வேட்டியைத் தூக்கி, துணியின் முடிச்சை அவிழ்த்தார். வாடை எழுந்தது. இரண்டு கைகள் அந்தக் காலை ஏந்திக்கொண்டன.

"வந்துட்டீரா, ஆண்டவரே," என்றார் வியாகப்பன்.