வெள்ளிக் கிரீடம் கேட்ட கேள்வி

ஏழு மலைக்கு அந்தப்பக்கம், கல்லும் மரமும் வாய் திறந்து பேசிய காலத்தில், வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக் கோயிலில் ஒரு வெள்ளிக் கிரீடம் இருந்தது. ஆண்டுக்கொரு முறை திருவுளச்சீட்டு போடுவார்கள். யார் பெயர் வருகிறதோ, அவன் தலையில் கிரீடம் ஏறும். அன்று முழுக்க அவன்தான் சாமி. ராஜாவே வந்து அவன் காலில் விழுவார். ஆனால் பொழுது சாய்வதற்குள் அந்தச் சாமி, ஊரில் கடைசியாகப் பிறந்த குழந்தையின் பாதத்தைத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கிரீடம் கழலும்; இல்லாவிட்டால் அவன் கல்லாகிவிடுவான்.

அந்த ஆண்டு செக்கு ஓட்டும் இருளாண்டிக்குச் சீட்டு விழுந்தது. நல்ல மனுஷன்தான், செக்குமாட்டைக்கூட அதட்ட மாட்டான். ஆனால் பிறந்ததிலிருந்து ‘ஏய்’ என்று கூப்பிட்டவர்களெல்லாம் ஒரே நாளில் ‘சாமி’ என்று கைகூப்பினால் யாருக்குத்தான் தலை கனக்காது, சொல்லுங்கள்!

கூட்டத்தில் கண்ணாடி வியாபாரி வேஷத்தில் ஒரு மாயாவி நின்றான். கிரீடம் சூடியவன் கல்லாகிவிட்டால் கிரீடம் அந்த மாயாவிக்கு. மாலையில் அவன் கண்ணாடியை நீட்டினான்.

“பாரும் சாமி, உம் முகத்தில் என்ன தேஜஸ்! போயும் போயும் கூடை முடைகிறவள் பிள்ளை காலையா கண்ணில் ஒற்றப்போகிறீர்?”

ஏரிக்கரைக் குடிசையிலிருந்து கூடை முடையும் மாரக்காள், ஊரில் கடைசியாகப் பிறந்த தன் பதினோரு நாள் குழந்தையோடு வந்து நின்றாள். இருளாண்டி கண்ணாடியைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

“அந்தாண்ட போ,” என்றான்.

உடனே தலைமேல் கிரீடம் பேசியது. “சொல், நீ யார்?”

“நானே தெய்வம். எனக்கு மேல் எவனும் இல்லை.”

சொன்ன வாய் மூடுமுன் முழங்கால்வரை கல்லாகிவிட்டது. அவன் மனைவி பேச்சி அலறிக்கொண்டு ஓடிவந்து கிரீடத்தைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

“சொல், நீ யார்?”

இருளாண்டிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. “நான் ஒன்றுமில்லை. புழு. காலில் ஒட்டின தூசி. என்னை விட்டுவிடு!”

“புழுவுக்கா இந்த ஊர் என்னைச் சூட்டியது?” என்றது கிரீடம். கல் மார்புவரை ஏறியது. கை இரண்டும் கல்லாயின. மாயாவி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நெருங்கினான்.

சாமி அலங்காரத்துக்காக முகத்தில் பூசிய மை வேர்வையில் வழிந்து இருளாண்டியின் கண்ணில் இறங்கியது. எரிச்சல் தாங்கவில்லை. துடைக்கக் கையில்லை. விரட்டப்பட்ட மாரக்காள்தான் அதைக் கவனித்துத் திரும்பி வந்தாள். குழந்தையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

“மை வழியுது சாமி. கண்ணை மூடிக்குங்க.”

“உன்னை நான் விரட்டினேனே தாயி. இன்னுமா என்னைச் சாமிங்கறே?”

“நீங்க விரட்டினீங்க. உங்களுக்குள்ள இருக்கிறவரு எங்க போயிடுவாரு? காலையில கும்பிட்டப்ப பார்த்தேனே.”

இருளாண்டி கண்ணைத் திறந்தான். எதிரே ஓட்டைச் சேலை, மூங்கில் சிலாம்பு கீறிய விரல்கள், கொட்டாவி விடும் குழந்தை. காலையிலிருந்து தனக்குள் எது நிறைந்து நின்றதோ, அதுவே அங்கேயும் நிறைந்து நின்றது. அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

மூன்றாம் முறை கிரீடம் கேட்டது. “சொல், நீ யார்?”

“எனக்குள் இருப்பது தெய்வம். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இவளுக்குள் இருப்பதும் அதுதான், இந்தப் பச்சைப்பிள்ளைக்குள் இருப்பதும் அதுதான்.” கழுத்துவரை கல் வந்துவிட்டது. “தாயி, எனக்குக் குனிய முடியலை. அந்தப் பாதத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறியா?”

மாரக்காள் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். சின்னஞ்சிறு பாதம் அவன் கண்ணில் பட்டது. கிரீடம் தானே கழன்று மண்ணில் உருண்டது. கல் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. கண்ணாடி வியாபாரி நின்ற இடத்தில் ஒரு பிடி சாம்பல்தான் மிச்சம். பேச்சி புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கை திரும்பக் கிடைத்ததும் இருளாண்டி செய்த முதல் காரியம், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து அந்தப் பாதத்தை மறுபடி தொட்டதுதான். கிரீடம் கழன்ற பிறகு விழ வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரீடம் இன்றும் அந்தக் கோயிலில்தான் இருக்கிறதாம். ஏழு மலை தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பாதம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது.