ராசாமணி மெஸ்ஸுக்கு சாமி சாப்பிட வந்த கதை

யாருப்பா அது, இன்னும் பேசிக்கிட்டு? உக்காருங்க. வெத்தலை போட்டவன் மெல்லு, ஆனா சத்தம் வரக் கூடாது. போனை நோண்டுதவன் அதை மடியில போடு. முன்னால நிக்கவரே, நீரும் உக்காரும் வே. நான் மூஞ்சியால பாதிக் கதை சொல்லுத ஆளு, உம்ம முதுகு மறைச்சா பின்னால இருக்கவனுக்கு மீதிப் பாதிதான் கிடைக்கும். ஆச்சா? சரி.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல ராசாமணி மெஸ்னு ஒரு சாப்பாட்டுக் கடை. அங்க நாலு பேரு வேலை. மூத்தவரு கொம்பையா. அவருக்கு யோசனை வந்தா இடது கண்ணை மூடிக்கிடுவாரு. அவரு கண்ணை மூடினாருன்னா அந்தத் தெருவே கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். அடுத்து பேச்சிமுத்து, குழம்பு ஊத்துதவன். அப்புறம் சப்பாணி, பின்கட்டுல பாத்திரம் கழுவுதவன். அவன் வாயைத் திறந்து பாத்தது பல் டாக்டர் ஒருத்தர்தான். நாலாவது ஆளு உலகு. இலை போடுதது, தண்ணி வைக்குதது அவன் சோலி. நம்ம கதை அவன் பின்னாடிதான் போகுது.

இதுல யாருக்கும் சம்பளம்னு ஒன்னு கிடையாது. கேட்டா ராசாமணி அண்ணாச்சி பில்லோட வைக்கிற சோம்புத் தட்டைக் காட்டுவாரு. "இதுல விழுதது பூரா உங்களுக்குத்தானலே! நான் தொட்டேனா? மோந்தாவது பாத்தேனா?"

தட்டுல என்ன விழும்? சில்லறை விழும். சில மகராசன் சோம்பை அள்ளும்போது முன்னால போனவன் வச்ச சில்லறையையும் சேத்து அள்ளிட்டுப் போயிருவான்.

இப்படி இருக்கையில உலகுக்கு செவ்வந்தின்னு ஒரு பொண்ணைப் பேசி வச்சிருந்தாங்க. அவளைப் பாத்துட்டு வந்ததுலேருந்து உலகு ஒரே இலைக்கு மூணு டம்ளர் தண்ணி வைக்க ஆரம்பிச்சுட்டான். அவ்வளவு பிடிச்சுப் போச்சு. ஆனா பொண்ணோட அப்பா தளவாய் பிடி கொடுக்கல.

"டிப்ஸ்ங்கது மழை மாதிரி மாப்ளே. பெஞ்சா பெய்யும், இல்லன்னா குடையைப் பிடிச்சிக்கிட்டுச் சும்மா நிக்கணும். மாசச் சம்பளம்னு உங்க முதலாளி வாயால ஒரு வார்த்தை வரட்டும், தாம்பூலம் மாத்திருவோம். வெள்ளிக்கிழமை நானே வந்து கேக்கேன்"ன்னாரு.

வெள்ளிக்கிழமை விடியவும் உலகு ஓடிப் போய் அண்ணாச்சி முன்னால நின்னு, மூக்கை உறிஞ்சி, விஷயத்தைச் சொன்னான். அண்ணாச்சிக்கு அன்னைக்கு ஒரு காதுகுத்து வீடு. சட்டைக்கு சென்ட் அடிச்சுக்கிட்டே, சில்லறை குடுக்க வேண்டி வரும்னு கல்லாச் சாவியைக் கொம்பையா கையில போட்டாரு.

"நான் வாரவரைக்கும் கடை உங்க பொறுப்பு. வந்தவனுக்குச் சொந்த வீட்டுல சாப்பிடுத மாதிரி இருக்கணும். கஸ்டமர்தான் நமக்கு சாமி, மறந்துராதீங்க. நான் திரும்பி வரும்போது நாலு பேராவது கவனிப்பைப் புகழ்ந்தாம்னா எல்லாருக்கும் மாசச் சம்பளம். எவனாவது குறை சொன்னான், சோம்புத் தட்டும் கிடையாது!"

அவரு வண்டி தெரு முனை திரும்பலை, இங்க மாநாடு கூடிருச்சு.

"சொந்த வீடுன்னா யாரு வீட்டைச் சொல்லுதாரு?"ன்னு கேட்டாரு கொம்பையா.

"எல்லா வீடும் ஒரே மாதிரிதான் அண்ணே. எங்க வீட்டுல நடக்குததைச் செஞ்சிருவோம், நான் பாத்துக்கிடுதேன்"னான் பேச்சிமுத்து.

முதல் ஆளு வந்தாரு. கண்ணாடி போட்ட இன்சூரன்ஸ்காரரு. பாவம், நல்ல பசி. வாசல்ல கால் வைக்கவும் பேச்சிமுத்து கரண்டியை இடுப்புல ஊனிக்கிட்டான்.

"வந்துட்டியளாக்கும்! இந்நேரம்தான் வீடு இருக்கது ஞாபகம் வந்துச்சோ?"

அவரு திரும்பிப் பின்னால பாத்தாரு. பின்னால யாரும் இல்ல.

"உங்களைத்தான். கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொன்னனே, எங்க?"

"தம்பி... ஒரு சாப்பாடு..."

"வரும்போதே சாப்பாடு! நேத்து வச்ச குழம்பு சட்டி நிறைய கிடக்கு. அதைக் காலி பண்ணிட்டுப் புதுசைத் தொடுங்க."

இன்சூரன்ஸ்காரரு பயந்துபோய்ப் பழைய குழம்பையே தின்னாரு. அப்பளம் கேட்டாரு. "சத்தம் போடாதீங்க, எல்லாருக்கும் வேணும்லா"ன்னான். இலையை எடுக்கப் போனவரை நிறுத்தி, ஆணியையும் சுத்தியலையும் கையில குடுத்து, "எத்தனை நாளா சொல்லுதேன், அந்தக் காலண்டரை மாட்டிட்டு அப்புறமா எங்க வேணாலும் போங்க"ன்னான். மனுசன் காலண்டரை மாட்டிட்டு, வந்தது தெரியாம நழுவிட்டாரு.

உலகு சோம்புத் தட்டைப் பாத்தான். சோம்பு மட்டுந்தான் இருந்துச்சு.

"பேச்சி, பில்லுக்குக்கூட அவரு காசு குடுக்கலையேலே!"

"சொந்த வீட்டுல தின்னுட்டு எவம்லே காசு குடுப்பான்? என் பொஞ்சாதிக்கு நான் என்னைக்காவது டிப்ஸ் வச்சிருக்கேனா?"

நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா உலகு வாசலை எட்டிப் பாத்தான். மதியத்துக்கு மேல தளவாய் வந்துருவாரே! "அண்ணே, வீடு வேண்டாம். சாமியைப் பிடிங்க"ன்னு கொம்பையாகிட்ட கெஞ்சினான்.

கொம்பையா இடது கண்ணை மூடினாரு.

அந்த நேரம் பாத்து அரிசி மண்டி முதலாளி ஒருத்தர் உள்ள வந்தாரு. தொந்தி முதல்ல வந்துச்சு, அவரு பின்னால வந்தாரு. "சாமி லட்சணம்!"னு கொம்பையா கன்னத்துல போட்டுக்கிட்டாரு. உலகு சடார்னு செருப்பைக் கழட்டிட்டு, அவரு நெத்தியில குங்குமத்தை அப்பினான். கல்லாவுக்கு மேல இருந்த பிள்ளையார் படத்து மாலை அவரு கழுத்துக்கு மாறுச்சு. இலையைப் போட்டு சோறு, சாம்பார், கூட்டு, வடை, பாயாசம்னு குறையில்லாமப் படைச்சாங்க. மண்டிக்காரருக்குச் சந்தோசம் தாங்கல. கையைக் கழுவிட்டு வந்து சோத்துல விரலை வைக்கப் போனாரு.

சட்டுனு பேச்சிமுத்து ஒரு வேட்டியைக் குறுக்கால விரிச்சுத் திரை பிடிச்சான். உலகு டம்ளரைக் கரண்டியால தட்டி மணி அடிச்சான். திரை விலகுச்சு. கொம்பையா சூடம் காட்டினாரு. காட்டி முடிச்சதும் இலையை அப்படியே தூக்கிட்டுப் பின்கட்டுக்குப் போனாரு. நாலு பேரும் வட்டமா உக்காந்து தின்னுட்டாங்க.

"டேய்! என் சாப்பாடுடா அது!"ன்னு மண்டிக்காரரு கத்துதாரு.

"சாமி பேசுது!"ன்னான் பேச்சிமுத்து, வாய் நிறைய வடையோட.

"படைச்சதை எந்தச் சாமிலே தின்னுருக்கு? பாத்துச்சுல்லா, அது போதும்"னாரு கொம்பையா.

உலகு விரலை நக்கிக்கிட்டே கேட்டான், "அண்ணே, இப்பவாவது டிப்ஸ் வருமா?"

"கூறு கெட்டவனே, கோயில்ல யாரு யாருக்குலே காசு போடுதா? சாமியா உனக்குப் போடுது?"

"நாமதான் சாமிக்குப் போடுதோம்."

"அப்ப போடு!"

கல்லாவைத் திறந்து கை நிறைய அள்ளி மண்டிக்காரரு சட்டைப் பையில போட்டான் உலகு. கத்திக்கிட்டிருந்த மனுசன் பையைப் பாத்தாரு. பணத்தைப் பாத்தாரு. மெதுவாக் கண்ணை மூடி, வலது கையைத் தூக்கி, "நல்லா இருங்கடா"ன்னு ஆசீர்வாதம் பண்ணினாரு. எந்திரிச்சுப் போனவரு அஞ்சு நிமிசத்துல தன் மச்சினனையும் கணக்குப்பிள்ளையையும் கூட்டிட்டு வந்தாரு. இப்ப மூணு சாமி.

அப்புறம் சொல்லணுமா? பஸ் ஸ்டாண்டுல நின்ன ஜனம் பூரா மெஸ் வாசல்ல. கண்டக்டர் சாமி, பூக்கார சாமி, மதுரைக்குப் போக வேண்டிய சாமி பஸ்ஸை விட்டுட்டு வரிசையில நிக்குது. ஒருத்தனும் சோறு கேக்கல. "பசிக்கலப்பா, நேரா காணிக்கைக்குப் போயிருவோம்"ங்கான்.

கல்லா வழிச்செடுத்த மாதிரி ஆன நேரத்துல தளவாய் வந்து இறங்கினாரு. மாமனார்னா சும்மாவா, மாலையைப் போட்டு நடு பெஞ்சுல உக்கார வச்சுட்டான் உலகு. போடுததுக்குக் கல்லாவுல ஒன்னும் இல்ல. தாலிக்குன்னு டிராயர் பையில ஊக்கு குத்தி வச்சிருந்த தன் டிப்ஸ் காசையே எடுத்து அவரு மடியில கொட்டினான்.

"என்ன மாப்ளே, சம்பளம் கேக்க வந்தா நீங்க எனக்குத் தாரீயளே!"ன்னு தளவாய் குழம்பிப் போனாரு. ஆனா திருப்பிக் குடுக்கல.

அப்பதான் அண்ணாச்சி வண்டி வந்துச்சு. வாசல்ல திருவிழாக் கூட்டம். அவரைக் கண்டதும் அத்தனை பேரும் மொய்ச்சுட்டாங்க.

"அண்ணாச்சி, உங்க பையங்க தங்கம்!"

"பத்து ஊருல சாப்பிட்டுருக்கேன், இப்படி ஒரு கவனிப்பு எங்கயும் இல்ல!"

அண்ணாச்சிக்கு நெஞ்சு இப்படி விரிஞ்சுச்சு. "அப்படிப் போடுங்கலே! மாசச் சம்பளம், எல்லாருக்கும், இந்த மாசத்துலேருந்தே!"ன்னு சொல்லிக்கிட்டே போய்க் கல்லாவைத் திறந்தாரு. ஒரு ரப்பர் பேண்டு கிடந்துச்சு.

விவரத்தைக் கொம்பையா சொல்லச் சொல்ல அண்ணாச்சி மூஞ்சி போன போக்கு இருக்கே, இதோ, இப்படி. பாத்துக்கிட்டீங்களா? இதுக்குத்தான் முதல்லயே உக்காரச் சொன்னது.

மாலையும் கழுத்துமா தளவாய் தொண்டையைச் செருமினாரு. "அண்ணாச்சி, சம்பளம்னு உங்க வாயால வந்ததை நான் கேட்டேன். தாம்பூலம் மாத்திரலாம்லா?"

"சம்பளமா?"ன்னு அண்ணாச்சி கல்லாவைத் தலைகீழாக் கவுத்துக் காட்டினாரு. "காசு பூராத்தையும் சாப்பிட வந்தவனுக்கே அள்ளிக் குடுத்துட்டா, வேலை செய்யுதவனுக்கு எவம்லே குடுப்பான்? சொல்லுங்கலே!"

பேச்சிமுத்து கரண்டியை முதுகுக்குப் பின்னால ஒளிச்சான். கொம்பையா ரெண்டு கண்ணையும் மூடிட்டாரு. உலகுக்கு உதடு பிதுங்கி அழுகை வந்துருச்சு.

பின்கட்டுலேருந்து சப்பாணி ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்தான். அண்ணாச்சியை மேலயும் கீழயும் பாத்தான். வாயைத் திறந்தான்.

"வேலை செய்யுதவனுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி? நாளையிலேருந்து நாங்க நாலு பேரும் சாப்பிடத்தான வாரோம்."